தலையே கிடைக்காத டைனோசருக்குப் பல் மட்டும் எப்படிக் கிடைத்தது?

ஆன்லைனில் டைனோசர் பல் தேடி மேய்கிறவர்கள் "டெல்டாட்ரோமியஸ் பல், மொராக்கோ, ஒரிஜினல்" என்ற வரியைப் பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. டெல்டாட்ரோமியஸுக்குப் பெயர் வைத்தது 1996-ல். தோள், இடுப்பு, கால், வால் எலும்புகளெல்லாம் இருந்தன. மண்டை ஓடு மட்டும் இல்லை. தாடையே கையில் இல்லாதபோது இது அதன் பல்தான் என்று யார் போய்ப் பார்த்தார்கள்? கடைக்காரர்கள் வைத்த பெயர்தான். அந்தப் பெயரில் விற்பவற்றில் பெரும்பாலானவை அபெலிசாரிட் என்ற வேறொரு குடும்பத்தின் பற்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பல் சேகரிப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. நானும் சேகரிக்கிறவன்தான். பெயருக்குக் காசு கொடுக்காதீர்கள், எங்கே கிடைத்தது என்ற தகவலுக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கட்சி.

மொராக்கோவின் தென்கிழக்கில், அல்ஜீரிய எல்லையை ஒட்டிய கெம் கெம் பகுதியிலிருந்துதான் சந்தைக்கு வரும் பெரிய மாமிசபட்சிணிப் பற்களில் ஏராளமானவை வருகின்றன. சுமார் 9.5 முதல் 10 கோடி ஆண்டுக்கு முந்தைய ஆற்று மணல், இன்று சிவந்த பாறை. உள்ளூர் ஆட்கள் மலைச்சரிவில் சுரங்கம் மாதிரி குடைந்து உள்ளே போய், கைக்கருவிகளால் கொத்தி எடுக்கிறார்கள். எடுத்தது எர்ஃபூத் என்ற ஊரின் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து உலகம் முழுக்கப் போகிறது. குடைந்தவன் கைக்கு வந்த காசையும் கடைசியில் வாங்குகிறவன் கொடுக்கும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்காமலிருப்பது மனசுக்கு நல்லது.

இதில் மீன் தின்னும் டைனோசரான ஸ்பைனோசாரஸின் பல்லை வாங்க எனக்குத் தயக்கம் கிடையாது. இந்தக் குடும்பத்து விலங்குகளுக்கு ஏறத்தாழ இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பல்லும் விழுந்து புதுசு முளைத்தது. ஆற்றிலேயே பிழைப்பு நடத்தியதால் விழுந்தவை அங்கேயே புதைந்தன. கெம் கெம்மில் ஓர் இடத்தில் சேகரித்த 1,200-க்கும் மேற்பட்ட பற்களை ஆய்வு செய்தபோது, கிட்டத்தட்ட பாதி ஸ்பைனோசாரஸினுடையவை. இவ்வளவு கொட்டிக் கிடப்பதில் ஒன்று நம் அலமாரிக்கு வந்தால் அறிவியல் ஒன்றும் ஏழையாகிவிடாது.

அது கூம்பு மாதிரி இருக்கும். நீளவாக்கில் மெல்லிய வரிகள், ஓரத்தில் ரம்பம் கிடையாது. வழுக்கும் மீனைக் குத்திப் பிடிக்க அது போதும். அதே பகுதியின் இன்னொரு பெரிய மாமிசபட்சிணியான கார்கரோடோன்டோசாரஸின் பல் வேறு ஜாதி. தட்டையான கத்தி. ஓரத்தில் விரலை ஓட்டினால் கருக்கரிவாள் போல நெறநெறவென்று தட்டும். லென்ஸ் வைத்தால் ஓரத்தை ஒட்டி எனாமலில் சுருக்கங்கள் வளைந்து போவது தெரியும்.

அந்தச் சுருக்கங்கள்தான் ஒட்டுவேலையையும் காட்டிக்கொடுக்கும். இரண்டு மூன்று உடைந்த பற்களைச் சேர்த்து, இடைவெளியில் அதே சிவப்பு மணலைப் பசையோடு குழைத்து அப்பி, "முழுப் பல்" என்று விற்பார்கள். சுருக்கம் பாதியில் நிற்கும், நிறம் சட்டென்று மாறும், ரம்பம் திடீரென அரம் போட்டு ராவியது போலச் சீராகிவிடும். வேரோடு கூடிய அழகான பல் என்றால் என் சந்தேகம் இரட்டிப்பாகும். தானாக விழுந்த பல்லின் வேர் ஏற்கெனவே கரைந்துபோய், அடிப்பக்கம் குழிந்திருப்பதுதான் வழக்கம். தாடையில் வரிசையாகப் பல் பதித்து வருகிறதே, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரி, பல் அசல். மேலே "கார்கரோடோன்டோசாரஸ் சஹாரிகஸ்" என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா? அந்த இனத்தின் கதையே பல்லில் தொடங்கியதுதான். அல்ஜீரியாவில் கிடைத்த பற்களுக்கு 1925-ல் மெகலோசாரஸ் என்ற வேறொரு டைனோசரின் வகை என்று பெயரிட்டார்கள். எகிப்தில் கிடைத்த எலும்புகளை வைத்து 1931-ல் ஜெர்மன் ஆய்வாளர் ஸ்ட்ரோமர் அதைக் கார்கரோடோன்டோசாரஸ் என்று மாற்றினார். அந்த எலும்புகள் 1944-ல் மியூனிக் குண்டுவீச்சில் எரிந்துபோயின. அல்ஜீரியப் பற்களும் தொலைந்தன. 2025-ல் பழைய புகைப்படங்களை ஆராய்ந்தவர்கள், எகிப்து விலங்கு வேறு என்று சொல்லி டாமெரிராப்டர் என்று புதுப் பெயர் வைத்துவிட்டார்கள். எலும்பையே பார்த்தவர்களுக்கு இந்தப் பாடு. ஒற்றைப் பல்லைப் பார்த்துக் கடைக்காரர் இனம்வரை சொல்கிறார்! "கார்கரோடோன்டோசாரிட்" என்று குடும்பத்தோடு நிறுத்திக்கொள்கிறவரிடம்தான் நான் வாங்குவேன்.

எங்கே கிடைத்தது என்பதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், நம்மூரையே பாருங்கள். அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ஒரே ஒரு குட்டிப் பல்லை வைத்து, ட்ரூடான்டிட் என்ற சிறு வேட்டை டைனோசர்கள் இந்தியாவிலும் இருந்தன என்று 2013-ல் கட்டுரை வந்தது. அதுவரை அவை வடக்குக் கண்டங்களுக்கே உரியவை என்ற நினைப்புதான் இருந்தது. எந்த ஊர், எந்த அடுக்கு என்று தெரிந்ததால் அந்தப் பல் பேசியது. அதே பல் ஒரு தீப்பெட்டிக்குள் பெயர் ஊர் இல்லாமல் கிடந்திருந்தால் வெறும் கல்தான்.

கடைசியாக ஒன்று. மங்கோலியாவின் பெரிய வேட்டை டைனோசரான டார்போசாரஸின் பல் என்று யாராவது நீட்டினால் கையை எடுத்துவிடுங்கள். அந்த நாட்டிலிருந்து அது சட்டப்படி வெளியே வர வழியில்லை. 2012-ல் நியூயார்க்கில் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போன அதன் எலும்புக்கூட்டையே அமெரிக்க அரசு பறிமுதல் செய்து, மறு வருஷம் மங்கோலியாவிடம் திருப்பிக் கொடுத்தது. "பழைய கலெக்ஷன் சார், சட்டத்துக்கு முன்னாடியே வந்தது" என்பார்கள். மங்கோலியச் சட்டம் 1924-லிருந்தே இருக்கிறது. எந்தத் தாத்தா எடுத்து வந்தார் என்று கேட்டுப் பாருங்கள்.