இடைவேளையில் 24-8 அல்ல, 8-6

மேலே அண்ணன் ஒருவர் எழுதியதைப் பலரும் பகிர்ந்துகொண்டிருக்கிறீர்கள்: 2023 என்ஆர்எல் (ஆஸ்திரேலியாவின் ரக்பி லீக் தொடர்) இறுதி ஆட்டத்தில் பிரிஸ்பேன் பிராங்கோஸ் இடைவேளையிலேயே 24-8 என்று முன்னணியில் இருந்தது, இரண்டாம் பாதி முழுக்கத் தூங்கித் தோற்றது என்று. கடுப்பு புரிகிறது அண்ணே, நானும் அந்த அணிக்காரன்தான். ஆனால் இடைவேளையில் முன்னணியில் இருந்தது எதிரணியான பென்ரித், 8-6.

அந்த 24 வந்ததே இரண்டாம் பாதியில்தான். நம் எஸ்ரா மாம் அடுத்தடுத்து மூன்று டிரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) போட்டார். டிரைக்கு 4, அதன் பிறகு கம்பத்துக்கு நடுவே உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2. மூன்றுக்கும் உதை சரியாக விழுந்ததால் 18. ஏற்கெனவே இருந்த ஆறோடு 24. அப்புறம்தான் சரிவு, பென்ரித்தின் மூன்று டிரை: லியோட்டா, கிரைட்டன், கடைசி ஐந்து நிமிடத்துக்குள் நேதன் கிளியரி. அதே கணக்கில் பென்ரித்துக்கும் 18 சேர்ந்து 26-24. கோட்டை விட்டது கடைசி இருபது நிமிடத்துக்குள்தான். (யோசித்தால் அதுதான் இன்னும் எரிகிறது.)

நம் சிங்கப்பூர் நேஷனல் ஸ்டேடியத்தில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி) பார்த்துப் பழகியவர்களுக்கு: ரக்பி லீகில் ஒரு பாதி 7 நிமிடம் அல்ல, 40.

சரிபார்ப்பது சுலபம். என்ஆர்எல் இணையதளத்தில் 2023 அக்டோபர் 1 ஆட்டத்தின் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு டிரையும் எந்த நிமிடம் என்று இருக்கும். மாமின் மூன்றும் 40-க்குப் பிறகுதான். யூடியூபில் சுருக்கக் காணொளியைப் பார்த்தாலும் சரி. அவர் முதல் டிரைக்குப் பாயும்போது திரையில் ஸ்கோர் 8-6 என்றே நிற்கும்.