பழைய லான்சருக்கு டர்போ: முதல் காசு எங்கே போகவேண்டும்

பழைய பெட்ரோல் காருக்கு டர்போ ஏற்ற ஆசைப்படுகிற தம்பிகள் முதலில் கேட்பது, "எந்த டர்போ போடலாம் அண்ணா, எவ்வளவு ஆகும்?" என்பதுதான். டர்போவைக் கடைசியாக வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று அளந்து காட்டும் கருவிகளுக்கும், அதைப் பார்த்து ட்யூனிங் செய்யத் தெரிந்த ஆளுக்கும் முதல் காசு போகவேண்டும். துண்டு துண்டாகச் சொல்லிவந்ததை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். நீளமான பதிவுதான், பொறுமையாகப் படியுங்கள்.

மிட்சுபிஷி லான்சரை வைத்தே பேசுகிறேன். எனக்குப் பிரியமான வண்டி, அதோடு நம் ஊரில் பிறந்த வண்டி. 1998-இல் திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து வெளிவரத் தொடங்கியது. பெட்ரோலில் 4ஜி15 இன்ஜின், 1468 சி.சி., சுமார் 87 குதிரைத்திறன். அதே ஆண்டுகளில் உலக ராலிப் போட்டியில் டாமி மாக்கினென், லான்சர் எவல்யூஷனை ஓட்டி 1996 முதல் 1999 வரை வரிசையாக நான்கு முறை சாம்பியன் ஆனார். வாசலில் நிற்கிற வண்டிக்கும் டிவியில் பறக்கிற வண்டிக்கும் பெயர் ஒன்று, சாயலும் ஒன்று. ஆசை வராமல் இருக்குமா? அந்த ஆசையை நான் ஒருபோதும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் எவல்யூஷனின் பானெட்டுக்குள் இருந்தது 4ஜி63 என்ற இரண்டு லிட்டர் இன்ஜின். டர்போவை மனதில் வைத்தே கட்டியது. எவல்யூஷன் நான்கில் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பது, 8.8-க்கு 1 தான். பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சிக் குளிரவைக்கும் ஜெட்கூட அதில் உண்டு. நம் 4ஜி15 குடும்பத்துக்கே மிட்சுபிஷி பின்னாளில் டர்போ போட்டது. கோல்ட் ராலிஆர்ட் வெர்ஷன்-ஆர் காரில் 150 குதிரைத்திறனுக்கு மேல் எடுத்தது. "பார்த்தீர்களா, அதே இன்ஜின்தான்" என்று இதைக் காட்டி வாதிடுகிறார்கள். அதே இன்ஜின் இல்லை. அதன் ஹெட் (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி), வால்வைத் திறக்கும் கேம் தண்டு இரண்டு கொண்ட வேறு ஹெட். கம்பெனியே டர்போ போடும்போது ஹெட்டிலிருந்து மாற்றியது என்றால், நாம் ஒன்றையும் மாற்றாமல் டர்போவை மட்டும் தொங்கவிடுவது எப்படிச் சரியாகும்?

டர்போ செய்வது எளிய வேலை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றுகிறது, அதே தண்டில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுகிறது. கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல், அதற்கேற்ற புல்லிங். இதுவரை எல்லாருக்கும் தெரியும். காற்றை அமுக்கினால் அது சூடாகும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். சென்னை மே மாதத்தில் 40 டிகிரி காற்றை 0.5 பார் பூஸ்டுக்கு, அதாவது வெளிக்காற்றைவிடப் பாதி மடங்கு கூடுதல் அழுத்தத்துக்கு அமுக்கினால், 70 சதவீதத் திறனுள்ள டர்போவிலிருந்து வெளிவரும் காற்று ஏறக்குறைய 95 டிகிரியில் இருக்கும். இதை அப்படியே 9, 10 என்ற கம்ப்ரஷன் உள்ள இன்ஜினுக்குள் விட்டால், ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி முடிப்பதற்குள் ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை தானாகவே வெடிக்கும். அதுதான் நாக்கிங்.

நாக்கிங் என்றால் வெறும் சத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோல. முதலில் உடைவது பெரும்பாலும் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் அந்த மெல்லிய அலுமினிய விளிம்பு. அது போனால் கம்ப்ரஷன் போச்சு, நீலப் புகை வரும், ஹெட்டை இறக்காமல் வழியில்லை. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிஸ்டன் ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அந்த இடைவெளி கம்பெனி கணக்கிட்ட சூட்டுக்கு அளந்தது. டர்போவின் சூட்டில் ரிங் விரிந்து முனையோடு முனை முட்டினால், நாக்கிங் இல்லாமலேகூட பிஸ்டன் உடையும். அதனால்தான் சொல்கிறேன், இன்ஜினைக் கொல்வது பூஸ்ட் இல்லை, யாரும் அளக்காத சூடு.

இது இன்று நேற்று தெரிந்ததும் இல்லை. 1962-இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனம் ஜெட்ஃபயர் என்ற டர்போ காரை விற்றது. டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் கார்களில் ஒன்று. அதன் கம்ப்ரஷன் 10.25-க்கு 1, டர்போவுக்கு மிக அதிகம். நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, பூஸ்ட் வரும்போது தெளிக்கச் செய்தார்கள். தொட்டி காலியானால் பூஸ்டைக் குறைக்க ஒரு வால்வும் வைத்தார்கள். அவ்வளவும் செய்தும், திரவம் தீர்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டியவர்களிடமிருந்து புகார்கள் குவிந்தன. கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் போட்டுக் கொடுத்தார்கள். அத்தனை பொறியாளர்கள் வைத்திருந்த ஜெனரல் மோட்டார்ஸ் குழுமத்துக்கே அந்த நிலை.

சரி, எங்கே தொடங்குவது? இருக்கிற இன்ஜினின் உடல்நிலையில். கம்ப்ரஷன் கேஜ் வைத்து நான்கு சிலிண்டரின் அழுத்தத்தையும் பாருங்கள். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போ பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அடுத்தது லீக்-டவுன் டெஸ்ட். பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றி, எங்கே கசிகிறது என்று காதால் கேட்பது. சைலன்சர் பக்கம் சத்தம் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடி வழியாக வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இதைச் செய்யாமலே "இன்ஜின் கண்டிஷன் சூப்பர்" என்று சொல்கிற பட்டறைகள் நிறைய. இருபது வருடத்துக்கு மேல் ஓடிய இன்ஜினுக்கு அந்த வாய்வார்த்தை போதாது.

பிறகு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார். என்னைக் கேட்டால் இந்த வேலையில் மிக முக்கியமான பொருள் இதுதான். பழைய காரில் இருக்கிற சென்சாருக்குக் கலவை கூடுதலா குறைவா என்று மட்டும்தான் சொல்லத் தெரியும். எவ்வளவு என்று சொல்வது வைட்பேண்ட். சாதாரண பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்பது சரியான எரிப்பு. பூஸ்டில் ஓடும்போது 11.5, 12 என்று கலவையைக் கெட்டியாக வைத்தால்தான் பிஸ்டன் பிழைக்கும். இப்போது பெட்ரோல் பங்குகளில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் கலந்திருப்பதால் சரியான எரிப்புக்கான கணக்கே சுமார் 13.5-க்கு இறங்கிவிட்டது. முன்பு ட்யூன் செய்த வண்டியில் இப்போது அதே அளவு பெட்ரோல் தெளித்தால், முழு ஆக்சிலரேட்டரில் கலவை மெலிந்துபோகும். எத்தனாலில் நல்லதும் இருக்கிறது: ஆவியாகும்போது காற்றைக் குளிரவைக்கும், நாக்கிங்கைத் தள்ளிப்போடும். ஆனால் அந்த நன்மை அளந்து ட்யூன் செய்தவருக்குத்தான். பழைய ரப்பர் ஹோஸ்களையும் பெட்ரோல் பம்பையும் அப்படியே விட்டுவைத்தவருக்கு இல்லை.

இசியூ, அதாவது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். கம்பெனி இசியூவின் கணக்கில் பூஸ்ட் என்ற நிலையே கிடையாது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேலே என்ன செய்யவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெட்ரோல் பிரஷரை மட்டும் ஏற்றிச் சமாளிக்கலாம் என்பார்கள். அது பெட்ரோலைச் சரிசெய்யலாம், ஸ்பார்க் டைமிங்கைச் சரிசெய்யாது. பூஸ்ட் ஏற ஏற டைமிங்கைப் பின்னுக்கு இழுத்தே, அதாவது ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தியே ஆகவேண்டும். அதனால் தனி இசியூ, பெரிய இன்ஜெக்டர், கூடுதல் பம்ப், காற்றின் சூட்டைக் காட்டும் சென்சார், டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே ஓட்டித் திறனை அளக்கும் மேடை) வைத்துப் பொறுமையாக ட்யூன் செய்கிற ஆள், இவ்வளவும் சேர்ந்தால் டர்போவின் விலையைத் தாண்டும். தாண்டட்டும்.

டர்போவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்னை புதுப்பேட்டையில் பழைய டீசல் காரின் டர்போ சல்லிசாகக் கிடைக்கிறது என்று வாங்கி வருகிறார்கள். டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை மிகவும் சூடானது. அதோடு டீசல் இன்ஜின் 4000 சுற்றுக்கு ஓடினால் நம் பெட்ரோல் 6000 ஓடும். சின்ன டர்போ மேல் சுற்றில் மூச்சுத் திணறி, புகையை உள்ளேயே தேக்கி, சூட்டை இன்னும் ஏற்றும். இறக்கை திரும்புகிற வகை டீசல் டர்போவை அறவே தொடாதீர்கள்.

பொருத்துகிற வேலையில் எல்லாரும் மேனிஃபோல்டு வெல்டிங்கைப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள், ஆயில் திரும்பும் குழாயை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். டர்போவுக்குள் போன ஆயில் அழுத்தத்தில் திரும்புவதில்லை, தானாக வழிந்துதான் இறங்கும். குழாய் பெரிதாக, நேராகக் கீழ்நோக்கி, சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) ஆயில் மட்டத்துக்கு மேலே சேரவேண்டும். நடுவில் ஒரு வளைவில் தேங்கினாலும் ஆயில் சீலைத் தாண்டிச் சைலன்சரில் புகையாக வரும். நல்ல டர்போவைக் குற்றம்சொல்லிக் கழற்றியவர்கள் பலர், குற்றம் அந்தக் குழாயில். கிராங்க் கேஸில் (கிராங்க் தண்டு சுற்றும் இன்ஜின் அடிக்கூடு) சேரும் புகையை வெளியே இழுக்கும் பி.சி.வி. வால்வும் அப்படித்தான். பூஸ்ட் வரும்போது அது திரும்பிப் போகும் வழியை அடைக்காவிட்டால் பூஸ்ட் நேராக கிராங்க் கேஸுக்குள் போய், பழைய சீல்களை எல்லாம் பிதுக்கித் தள்ளும்.

பிரேக்கை மறந்தவருக்கு இந்த வேலையைச் செய்துதர எந்த மெக்கானிக்கும் சம்மதிக்கக்கூடாது என்பது என் கருத்து. 100 கி.மீ. வேகத்துக்குப் பதில் 120-இல் போனால் நிறுத்தவேண்டிய ஆற்றல் 44 சதவீதம் கூடுகிறது. பழைய டிஸ்க், இறுகிப்போன டயர், காலம் கடந்த பிரேக் ஆயில், இவற்றோடு புல்லிங்கை மட்டும் கூட்டுவது பக்கத்தில் வருகிற குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

சட்டத்தையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் பானெட்டைத்தான் திறந்து பார்க்கும். 15 வருடம் தாண்டி ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போதும் பதில்சொல்லவேண்டும். அதனால் டர்போ லான்சர் ட்ராக் வண்டியாகவே இருக்கட்டும். இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. ட்ராக் இருக்கிறது, கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. டோ வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், ட்ராக் திறந்துவிடும் நாளில் ஆசை தீர ஓட்டலாம். ஈ.சி.ஆரில் இரவில் பறப்பதற்கு என்றால் தயவுசெய்து என்னிடம் யோசனை கேட்காதீர்கள்.

இவ்வளவும் படித்த பிறகும் செய்யத்தான் வேண்டும் என்றால் மனதார வரவேற்கிறேன். டர்போ சூடாக்கிய காற்றைக் குளிரவைக்கும் நல்ல இன்டர்கூலர் போட்டு, 0.4 பாரில் நிறுத்துங்கள். 87 இருந்த இடத்தில் 115 பக்கம் வரும். தாளில் சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் அந்தக் கூடுதல் இழுவை 2500, 3000 சுற்றிலேயே கைக்கு வரும்போது, இத்தனை இலகுவான வண்டியில் அதன் சுகமே தனி. டைனோ சீட்டில் 200 காட்டிவிட்டு ஒரே மாதத்தில் இன்ஜினை இறக்குவதைவிட, 115-இல் வருடக்கணக்கில் ஓடுகிற லான்சருக்குத்தான் என் மரியாதை.

லான்சர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைத் தொடங்கப்போகிறீர்கள் என்றால், டர்போ படத்தை அனுப்பாதீர்கள். நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் ரீடிங்கை அனுப்புங்கள், அதிலிருந்து பேசுவோம்.