கருத்துச் சிங்கங்களும் அந்த வேல்ஸ் தொழுவமும்

வேல்ஸில் ஒரு பழைய கல் மாட்டுத் தொழுவத்தை வீடாக்கிய அந்த வீடியோவை என் பட்டியலில் எத்தனை பேர் பகிர்ந்தீர்கள் என்று எண்ணி மாளவில்லை. குடிபோய் ஒரு குளிர்காலம்தான் ஆகிறது, உள்சுவரெல்லாம் கறுப்புப் பூஞ்சை. கீழே வந்த கருத்துகளில் முக்கால்வாசி ஒரே தீர்ப்பு: "பழைய கல் சுவர்னா அப்படித்தான், இடிச்சுட்டுப் புதுசாக் கட்டியிருக்கலாம்."

ஆமாம் ஐயா. தலைமுறை தலைமுறையாக மழையில் நின்ற சுவருக்கு, மனிதர் குடிவந்த பிறகுதான் ஈரம் வந்ததாம். சுவரையே குற்றம் சொல்லுங்கள், பாவம், அது பதில் எழுதாது.

மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திப் பாருங்கள். கிரைண்டரால் கல் இடுக்குகளைக் கிழித்து சிமெண்ட் பாயிண்டிங் போடுகிறார்கள், அதாவது இடுக்குகளைச் சிமெண்டால் அடைக்கிறார்கள். ஈரம் வந்தது அங்கேதான்.

வெல்ஷில் மாட்டுத் தொழுவத்துக்குப் பெய்டி என்று பெயர். பெய்டியின் சுவர் பெரும்பாலும் 500 முதல் 600 மி.மீ. தடிமன் இருக்கும். வெளியே ஒரு கல் வரிசை, உள்ளே ஒரு கல் வரிசை, நடுவில் சில்லுக் கல்லும் மண்ணும். கடைக்கால் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. மேற்கு வேல்ஸில் காற்றோடு அடிக்கும் சாரல் மழை பிரிட்டனிலேயே கடுமையான வகை. அந்த மழையைச் சுவர் கொஞ்சம் குடிக்கும், காற்றடித்தால் சுண்ணாம்பு இடுக்குகள் வழியாக விட்டுவிடும். ஸ்லேட் வகைக் கல் வழியாக ஈரம் வெளியேறாது, இடுக்குதான் அதற்கு மூக்கு. சுவர் சற்று அசைந்தாலும் சிமெண்டில் மயிரிழை விரிசல் விழும். தண்ணீர் அந்த விரிசலில் ஏறும், திரும்பி வர வழி இருக்காது. மூக்கை அடைத்துவிட்டு மூச்சு முட்டுகிறது என்று சுவரைத் திட்டுகிறோம்.

"சிமெண்ட் போட்ட வீடெல்லாம் நல்லாத்தானே நிக்குது?" நிற்கும். அவற்றில் இரண்டு சுவருக்கு நடுவே காற்று இடைவெளியும், அடியில் ஈரத்தடுப்புப் படலமும் உண்டு. பெய்டியில் இரண்டும் கிடையாது. அடுத்த கேள்வி.

"சுண்ணாம்புக்குச் செலவும் நாளும் அதிகம்." சரி, அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். உளியால் இடுக்கைக் குறைந்தது 25 மி.மீ. ஆழம், அகல இடுக்கானால் அகலத்தைப் போல இரு மடங்கு, சுரண்ட வேண்டும். நனைக்க வேண்டும். என்.எச்.எல் 3.5 சுண்ணாம்பு (தண்ணீரிலும் இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு, எண் கூடினால் கெட்டி கூடும்) ஒரு பங்கு, பெரிதும் சிறிதுமாக மணிகள் கலந்த கரடு மணல் இரண்டரைப் பங்கு. போட்ட பிறகு ஈரச் சாக்குத் தொங்கவிட்டுக் காக்க வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போனால் தொடவே கூடாது. கெட்டியாக இருக்கட்டும் என்று என்.எச்.எல் 5 எடுப்பவர்கள் பாதி சிமெண்டுக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் பண்ணைக் கட்டடத்தை வீடாக்கும் வேலைக்கு ஒப்பந்தக்காரர் 20 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) போடத் தேவையில்லை, 5 சதவீதம்தான். அந்தக் கணக்கை ஏன் யாரும் போடுவதில்லை?

உள்ளே நடந்தது இன்னும் மோசம். பாலித்தீன் விரித்துக் கான்கிரீட் தளம் போட்டார்கள். மண்ணில் இருக்கும் ஈரம் நடுவில் ஏற முடியாமல் ஓரச் சுவருக்கு ஓடும். நுரைக்கண்ணாடிக் கற்கள் மேல் சுண்ணாம்புக் கான்கிரீட் போட்டிருந்தால் தளமே மூச்சு விட்டிருக்கும். சுவரில் பளபளவென்று அலுமினிய ஃபாயில் ஒட்டிய குளிர்தடுப்புப் பலகை. பின்னால் என்ன நடக்கிறதென்று மர விட்டத்தின் முனை உளுத்த பிறகுதான் தெரியும். அதற்குப் பதில் 40 முதல் 60 மி.மீ. மரநார்ப் பலகையும் சுண்ணாம்புப் பூச்சும் போதும். இன்னொன்று: அடிச்சுவரில் பல வருட மாட்டு மூத்திரத்தின் நைட்ரேட் உப்பு ஊறிக் கிடக்கும். அது காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். அங்கே முதலில் போடும் பூச்சு பலிகடா, உப்பைக் குடித்து உதிரும், மறுபடி பூச வேண்டும். இதைச் சொல்லப் போய்த்தான் போன வாரம் "சுண்ணாம்புப் பைத்தியம்" என்ற பட்டம் கிடைத்தது. பரவாயில்லை, வைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வௌவால் நக்கல். "நாலு வௌவாலுக்காக ஒரு வருஷம் வேலையை நிறுத்துவாங்களாம்!" நிறுத்துவார்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே வௌவாலுக்கும் அதன் கூட்டுக்கும் பாதுகாப்பு உண்டு. வேலைக்கு முன் வௌவாலை அந்தியில் எண்ணும் கணக்கெடுப்பு மே முதல் செப்டம்பர் வரைதான். அக்டோபரில் நினைவு வந்தால் அடுத்த மே வரை காத்திருக்க வேண்டியதுதான், தப்பு வௌவாலுடையதா? குதிரைலாட வௌவால் இடுக்கில் நுழையாது, பறந்தபடியே உள்ளே வரும், அதற்குத் திறந்த வாசல் வேண்டும். ஓட்டுக்கு அடியில் புதுவகை மூச்சுவிடும் விரிப்பைப் போட்டால் அதன் நாரில் நகம் மாட்டிச் சாகும். பழைய தார்விரிப்புதான் பத்திரம்.

பண்ணைக் கட்டடத்தை முழு அனுமதி விண்ணப்பம் இல்லாமலே வீடாக்க விடும் கிளாஸ் கியூ விதிப்படி இங்கிலாந்தில் சுலபம் என்று ஒருவர் பாடம் எடுத்திருந்தார். அந்த விதி வேல்ஸில் கிடையாது. வேல்ஸில் இருப்பது வேறு: 2016 ஜனவரியிலிருந்து வீடாக மாற்றும் கட்டடத்துக்கும் தீயணைப்புத் தெளிப்பான் கட்டாயம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அழுத்தம் பற்றாவிட்டால் தனித் தொட்டி, தனிப் பம்பு.

உண்மையில் என்னைச் சுட்டது பூஞ்சைகூட இல்லை. வீடியோ கடைசியில் வாசலில் மாட்டிய பலகை. பண்ணையின் வெல்ஷ் பெயரைக் கழற்றிவிட்டு ஏதோ ஆந்தை, ஏதோ ஓய்வு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். வருடத்தில் பத்து வாரம் தங்க வருவார்களாம். இப்படிப்பட்ட இரண்டாம் வீடுகளுக்குத்தான் 2023 ஏப்ரலிலிருந்து 300 சதவீதம் வரை கூடுதல் வரி போட உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். உடனே "பொறாமை" என்பீர்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அதே ஊரில் வீடு கிடைக்காமல் போவதைச் சொன்னால் பொறாமையா? கல்லை மூடியது சிமெண்ட், பெயரை மூடியது பலகை.

அந்த வீட்டுக்காரர் இதைப் படிக்க வாய்ப்பில்லை. யாராவது மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். வெளிமண் உள்தளத்துக்கு 150 மி.மீ. கீழே இறங்கட்டும், ஆனால் கடைக்கால் இல்லாத சுவர், அதை ஒட்டி ஆழமாகத் தோண்ட வேண்டாம். கூரையின் மழைநீர் வடிகாலைச் சரிபாருங்கள். மேற்குச் சுவரில் ஒரு சதுர மீட்டர் சிமெண்டை உளியால் எடுத்துப் பாருங்கள், கல் விளிம்பு உடைந்தால் நிறுத்துங்கள். ஃபாயில் பலகையைக் கழற்றுங்கள். ஓர் அங்குலம் காய ஒரு மாதம் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. இரு பக்கமும் காய்ந்தால்கூட 600 மி.மீ. சுவருக்கு ஒரு வருடம் ஆகும். அதுவரை பூஞ்சை மருந்து டப்பா எதுவும் வாங்காதீர்கள்.