ஒரு ஸ்பேஸுக்கு ஒரு நாள் லீவு

பழைய கம்பெனி பிஎஃப்ப (சம்பளத்துல பிடிக்கிற வருங்கால வைப்பு நிதி) புதுக் கணக்குக்கு மாத்தக் கேட்ட டிரான்ஸ்ஃபர் மறுபடியும் ரிஜெக்ட். மூணாவது தடவ. ஆதார்ல "செந்தில்குமார்" சேந்து இருக்காம், பழைய பிஎஃப் கணக்குல செந்தில் தனியா குமார் தனியா இருக்காம். நடுவுல ஒரு ஸ்பேஸ், அவ்ளோதான்யா.

லீவு போட்டு, ஜெராக்ஸ் கட்டோட பிஎஃப் ஆபீஸ் போய் டோக்கன் வாங்கி ரெண்டு மணி நேரம் உக்காந்தா, கவுண்டர்ல இருந்தவர் ஸ்கிரீனப் பாக்குறார், என்னைப் பாக்குறார், திரும்ப ஸ்கிரீன். "இது நீங்கதானா?" நான்தான் சார். "பேரு ஒத்துப்போகலையே." ஒரே பேருதான் சார், நடுவுல கேப் விழுந்துருக்கு. "அப்ப வேற பேருதான?" இன்னும் அஞ்சு நிமிஷம் பேசியிருந்தா எனக்கே சந்தேகம் வந்துருக்கும். இனிஷியல் கூத்து தனி. லாஸ்ட் நேம்னு ஒரு கட்டம், நமக்கேதுய்யா லாஸ்ட் நேம், எவனோ அதுல எங்கப்பா பேரப் போட்டு வெச்சிருக்கான், ஆக பாதி நான் பாதி செத்துப்போன எங்கப்பா ரெண்டு பேரும் சேந்து வேலை பாத்துருக்கோம் போல. திருத்தணும்னா பழைய கம்பெனி கையெழுத்து வேணுமாம். சார், அந்தக் கம்பெனிய இழுத்து மூடி இப்ப அங்க கல்யாண மண்டபம் நடக்குது. "அங்க யாராவது இருப்பாங்கல்ல, கேட்டுப் பாருங்க." யார்கிட்ட, சமையல்காரர்கிட்டயா?

மாசாமாசம் சம்பளத்துல பிடிச்சானுங்களே, அப்ப எவனுக்கும் இந்த ஸ்பேஸ் கண்ணுல படல.

சரி, இவ்ளோ நாயா அலைஞ்சு பிஎஃப்போட சேந்த பென்ஷன் என்ன வரப்போகுதுன்னு ராத்திரி கணக்கு போட்டுப் பாத்தேன், பாத்திருக்கவே கூடாது. அந்தக் கம்பெனில 11 வருஷம். 2014 செப்டம்பருக்கு முந்தின சர்வீஸுக்கு சம்பளம் எவ்ளோ வாங்கியிருந்தாலும் பென்ஷன் கணக்குக்கு எடுத்துக்குற சம்பள வரம்பு 6,500தான். அத 11ஆல பெருக்கி 70ஆல வகுத்தா மாசம் 1,021 ரூபா. அதுக்குத்தான் இந்தப் பாடு! அதுக்கப்புறம் வரம்பு 15,000 ஆச்சு, அதே சூட்டுல பென்ஷனுக்குப் பாக்குற சம்பளச் சராசரிய கடைசி 12 மாசத்துலேர்ந்து 60 மாசமாக்கி கொஞ்சம் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. மினிமம் பென்ஷனும் அப்ப வெச்ச 1,000தான். டீ 15 ரூபான்னா தினம் ரெண்டு டீ, மாசக் கடைசில கையில நூறு ரூபா மிச்சம், அத வெச்சு மாத்திரை, கரண்ட் பில்லு, பேரனுக்கு சைக்கிள் எல்லாம் பாத்துக்கலாம்.

இதுல என் மச்சான் ரெண்டு மாசத்துக்கு ஒருதடவ "மினிமம் பென்ஷன் 7,500 ஆயிடுச்சு, வாழ்த்துக்கள் மாமா"ன்னு பூங்கொத்து படத்தோட ஃபார்வர்ட் அனுப்புறான். கேட்டு போராடிட்டு இருக்காங்கடா, குடுக்கலடா. சொன்னா கைகூப்புற படம் வருது.

எல்லாத்தையும் விடுங்க. வரிசைல பின்னாடி இருந்தவர் "சார் பேனா இருக்கா, ஒரு கையெழுத்துதான்"ன்னாரு, குடுத்தேன். டோக்கன் கூப்பிட்டாங்கன்னு எந்திரிச்சுப் போய்ட்டு வந்து பாத்தா ஆளையும் காணோம் பேனாவையும் காணோம். மூடி மட்டும் என் பாக்கெட்ல இருக்கு.