ரீடை மறக்க வேண்டாம், ஃபுல்டனையும் குறைக்க வேண்டாம்

இந்திய ஆண்கள் ஹாக்கி அணியின் பயிற்சியாளர் கிரெய்க் ஃபுல்டனுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்கலாமா என்ற கேள்விக்கு, "முந்தைய பயிற்சியாளர் ரீட் விதைத்ததைத்தான் இவர் அறுக்கிறார்" என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

கிரகாம் ரீட் செய்ததை யாரும் அழிக்க முடியாது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியிடம் 1-3 எனப் பின்தங்கி, 5-4 என்று வென்று, 41 ஆண்டுக்குப் பிறகு வந்த ஒலிம்பிக் பதக்கம் அது. கடைசி நொடிகளில் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் தடுத்த பெனால்டி கார்னரை நினைத்தால் இன்றும் கண் கலங்குகிறது.

ஆனால் 2023 உலகக் கோப்பையில், அதுவும் சொந்த மண்ணில், நியூசிலாந்திடம் தோற்று வெளியேறி மனம் உடைந்து கிடந்த அணியைத்தான் ஃபுல்டன் கையில் எடுத்தார். அதே ஆண்டு சென்னையில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையில் மலேசியாவுக்கு எதிரான இறுதிப் போட்டி, இடைவேளையில் 1-3. முடிவில் 4-3 நம் பக்கம்! அப்புறம் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் தற்காப்பு வீரர் ரோஹிதாஸ் சிவப்பு அட்டை வாங்கிய பிறகு பத்துப் பேரோடு பிரிட்டனைத் தாக்குப்பிடித்தார்களே, அந்தத் தற்காப்பு ஒழுங்கு ரீட் காலத்தில் இல்லை. ஆஸ்திரேலியாவை ஒலிம்பிக்கில் 52 ஆண்டுக்குப் பிறகு வென்றதும் இவர் காலத்தில்தான்.

சரி, 2025-இல் புரோ லீக் என்ற சர்வதேச ஹாக்கித் தொடரில் தொடர்ந்து ஏழு தோல்வி. எனக்கும் அது வலித்தது. பெனால்டி கார்னருக்கு ஹர்மன்பிரீத் சிங்கையே நம்பியிருப்பதும் கவலைதான். அதற்காக இன்னொருவரை அழைத்து வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? நீட்டிக்கட்டும், கூடவே பெனால்டி கார்னரில் பந்தை இழுத்து அடிக்கும் அடுத்த டிராக் ஃபிளிக்கரை வளர்க்கச் சொல்லிக் கேட்கட்டும்.