இரண்டும் ஒரே பச்சை இல்லை!

"இரண்டும் ஒன்றுதானே, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்." வீட்டுச் சுவருக்குப் பூச இரண்டு மங்கிய பச்சை பெயின்ட்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்று வாரமாக இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஒன்றில்லை! ஒரு பச்சைக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. மற்றதற்குள் நீலமும் சாம்பலும். கட்டைவிரல் அகல அட்டைத் துண்டில் அது தெரியாது. நான்கு சுவரிலும் பூசிய பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்து என்ன பயன்?

படுக்கையறைக்கு முதல் பச்சையைப் பூசி முடித்தோம். அட்டையில் காய்ந்த இலை போல அத்தனை சாந்தமாக இருந்த நிறம் அது. நேர்வெயில் விழாத அந்த அறையில் பகலெல்லாம் சிமென்ட் போலக் கிடக்கிறது. இரவில் 2700 கெல்வின் (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் விளக்கைப் போட்டால் பாசி படிந்த சுவர். மாற்றி 6500 கெல்வின் வெள்ளை விளக்கைப் போட்டேன், மருத்துவமனை வராந்தாவாகிவிட்டது. ஒரே டப்பா, ஒரே சுவர்!

அடர்ந்த பச்சை எந்த வெளிச்சத்திலும் பச்சையாகவே நிற்கும். மங்கிய பச்சையில் நிறம் கொஞ்சம்தான், மீதியெல்லாம் சாம்பல். அதனால் விளக்கும் தரையும் மரக்கதவும் சேர்ந்து அதை இழுத்த இழுப்புக்கு இழுக்கின்றன. ஒரு விளக்கில் அச்சு அசலாக ஒத்துப்போகும் இரண்டு சாயங்கள் இன்னொரு விளக்கில் பிரிந்துபோவதும் உண்டு. கடையின் குழல்விளக்கில் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நிறத்தை விடுங்கள், வெளிச்சக் கணக்கையாவது சொல்லலாம் அல்லவா? சுவர் எவ்வளவு ஒளியைத் திருப்பித் தருகிறது என்பதற்கு எல்ஆர்வி என்று ஓர் அளவு இருக்கிறது. கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 100. 2022ஆம் ஆண்டின் நிறமாக அமெரிக்க பெயின்ட் நிறுவனங்களான பெஞ்சமின் மூர் 'அக்டோபர் மிஸ்ட்'டையும் ஷெர்வின் வில்லியம்ஸ் 'எவர்கிரீன் ஃபாக்'கையும் அறிவித்தன. இரண்டுமே சாம்பல் பச்சைதான். ஆனால் முன்னதன் எல்ஆர்வி சுமார் 46, பின்னது 30. சின்ன அறைக்கு இது எத்தனை பெரிய வித்தியாசம்! நான் வாங்கிய பெயின்டின் அட்டையில் இந்த எண் எங்குமே இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். பெயரை மட்டும் கவிதை போல அச்சிட்டிருந்தார்கள்.

மாதிரி காட்டச் சொன்னால், பெயின்டர்கள் பழைய மஞ்சள் சுவரிலேயே ஒரு கை தீட்டிக் காட்டி, ஈரம் காய்வதற்குள் "சரியா?" என்று கேட்கிறார்கள். சரியில்லை! பக்கத்திலிருக்கும் மஞ்சள் கண்ணை ஏமாற்றும். ஈரப் பூச்சின் நிறம் காய்ந்ததும் மாறும்.

இரண்டாவது பச்சையை இப்போது பெரிய வெள்ளைப் பலகையில் இரண்டு பூச்சு பூசி வைத்திருக்கிறேன். நேற்று முழுதும் சன்னலோரம், இன்று கட்டிலுக்குப் பின்னால். வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்தான். பெயின்டர் நாளைக் காலை வருகிறாராம். வரட்டும். அந்த மூலையில் இரவு விளக்கில் ஒருமுறை பார்க்காமல் டப்பாவைத் திறக்க விடமாட்டேன்.