பள்ளி நூலகம் பற்றி ஒரு திருத்தம்

"கையில் இணையம் இருக்கையில் உயர்நிலைப் பள்ளி நூலகம் வெறும் புத்தகக் கிடங்கு; தேடத் தெரிந்த மாணவருக்கு ஆய்வுத் திறனைக் கற்றுத்தரத் தேவையில்லை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பிற்பாதி தவறு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோரின் 2017 ஆய்வில், 10 வரலாற்றறிஞர்கள், 10 தொழில்முறைச் செய்தி சரிபார்ப்பாளர்கள், 25 ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஆகியோர் இணையதளங்களை மதிப்பிட்டபோது, வரலாற்றறிஞர்களும் மாணவர்களும் தளத்தின் தோற்றத்தையும் பெயரையும் நம்பிப் பல இடங்களில் ஏமாந்தனர். சரிபார்ப்பாளர்களோ அந்தப் பக்கத்தை விட்டு விரைவில் வெளியேறி, அதை நடத்துவோரைப் பற்றிப் பிறர் சொல்வதைத் தேடிப் படித்து, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தனர். இணையத்தோடு வளர்ந்த மாணவர்களுக்கே (அதுவும் ஸ்டான்ஃபோர்டில்!) தானாக வராத பழக்கம் இது.

பாட ஆசிரியரோடு சேர்ந்து நூலகர் இதைத்தான் பயிற்றுவிக்க முடியும்: தலைப்பை விடை தேடக்கூடிய கேள்வியாகச் சுருக்குவது, நூலின் கடைசியில் உள்ள பொருளகராதியைப் பயன்படுத்துவது, பதிப்பாண்டைப் பார்ப்பது, ஒரே செய்தியை இரண்டு மூலங்களில் ஒப்பிடுவது, எடுத்த இடத்தைக் குறிப்பது.

வாசிப்பிலும் புத்தகங்களை அடுக்கி வைப்பது மட்டும் போதாது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் வாசிப்பு இயக்கம் நூல்களை நுழை, நட, ஓடு, பற என்று தரம் பிரித்தது, மாணவர் தம் நிலைக்கேற்ற நூலிலிருந்து தொடங்குவதற்காகவே.

பல பள்ளிகளில் நூலகம் பூட்டிய பீரோவாகவே இருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நூலகரும் அதற்கான பாடவேளையும் ஒதுக்கப்படாததால் வரும் குறையை நூலகமே பயனற்றது என்பதற்குச் சான்றாகக் காட்ட இயலாது.